தேவையில்லாத ஆணிகள்

முதல்லயே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துடறேன். நான் தச்சன் இல்லை. படிச்சது எஞ்சினியரிங், பார்க்கிறது பொட்டி தட்டுற வேலை. வாரம் முழுக்க ஆபீஸில் ஆணி பிடுங்குறோமே, சனி ஞாயிறில் நிஜமாகவே ஆணி அடிச்சுப் பார்த்தால் என்ன என்று ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆசை வந்தது. தாடி வெச்ச ஒரு வெள்ளைக்காரர் மரப்பலகையை வெண்ணெய் மாதிரி சீவுவதை யூட்யூபில் பார்த்த ராத்திரி அது. அன்னிக்குப் பிடிச்சது சனி.

என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு பண்றதுக்கு முன்னாடியே வாங்க ஆரம்பித்துவிட்டேன். காடி வெட்டுற ரவுட்டர் மெஷின், அதுக்கு ஒரு டப்பா நிறைய பிட்டுகள், புறாவால் மூட்டு போட அலுமினியத்தில் ஒரு அச்சு, மூணு சைஸில் கிளாம்ப், ஜப்பான் ரம்பம், லேசர் மட்டம், அப்புறம் எதுக்கென்றே தெரியாத ஒரு ஜெர்மன் சாமான். (பெட்டியில் படம் நல்லா இருந்தது, வாங்கிட்டேன்.) நமக்குத்தான் எல்லாத்துக்கும் எக்செல் போடுகிற வியாதி உண்டே. போன வருஷக் கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.

கருவிகள்: 41,300 ரூபாய்.
மரம்: 2,150 ரூபாய்.
செய்து முடித்த பொருட்கள்: சாவி மாட்டுற பலகை, ஒன்று.

தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு திட்டவெல்லாம் இல்லை. "அந்தச் சாவிப் பலகையை பேங்க் லாக்கர்ல வெச்சுடலாமா?" என்று மட்டும் கேட்டாள். அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

'ஃப்ரெண்ட்ஸ்' படம் வந்தது 2001-ல். காண்ட்ராக்டர் நேசமணி அதில் தேவையான ஆணிக்கும் தேவையில்லாத ஆணிக்கும் வித்தியாசம் தெரியாதவர்களைப் போட்டு வாங்குவாரே, எக்செல்லைப் பார்த்தப்போ அவர் என்னைத்தான் பார்த்து முறைக்கிற மாதிரி இருந்தது. சரி, இந்த வியாதி நமக்கு மட்டும்தானா, இல்லை பரம்பரையா வர்றதா என்று சரித்திரத்தில் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினதில் கிடைத்தது ரெண்டு கதை. ஒன்னு இங்கிலாந்து, சின்னது. இன்னொன்னு நம்ம பாண்டிச்சேரி வழியாகப் போய் அமெரிக்கப் பாலைவனத்தில் முடிகிறது. அதுதான் இந்தப் பதிவு.

*

முதலில் இங்கிலாந்து. 1796-ஆம் வருஷம் டிசம்பர் மாசம், கென்ட் பகுதியில் சாத்தம் என்ற ஊரில் பெஞ்சமின் சீட்டன் என்கிற பையனுக்கு அவன் அப்பா ஒரு தச்சனுக்கு வேண்டிய கருவிகளை மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறார். லண்டனில் கேப்ரியல் என்கிற பேர்பெற்ற கருவி வியாபாரியிடம் வாங்கினது. ரம்பம், உளி, இழைப்புளி, அரம் என்று எல்லாம் வகைக்கு இத்தனை. பையனும் சும்மா இல்லை. அந்தக் கருவிகளை வைக்க அருமையான ஒரு பெட்டி செய்கிறான். அடுக்கு அடுக்கா இழுப்பறை, ஒவ்வொரு கருவிக்கும் அளந்து வெச்ச இடம். 1797-ல் பெட்டி தயார்.

அந்தப் பெட்டி இன்னிக்கும் ராச்செஸ்டர் நகரத்து கில்ட்ஹால் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தச்சுக் கருவிகளைப் பற்றித் தெரிஞ்சுக்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்கிறார்கள். ஏன் அவ்வளவு நல்ல சாட்சி? ஏனென்றால் கருவிகள் கிட்டத்தட்ட புதுசாவே இருக்கு! உளி தீட்டித் தீட்டித் தேயலை. ரம்பத்துக்கு அரம் போட்டுப் போட்டுப் பல் கரையலை. அந்தக் காலத்துல உழைச்ச தச்சர்களோட கருவிகள் எல்லாம் தேய்ஞ்சு, உடைஞ்சு, கடைசியில் பழைய இரும்புக்குப் போயாச்சு. பெஞ்சமினோட கருவிகள் அதிகம் உழைக்காததால மியூசியத்துக்கு வந்தது.

படிச்சதும் எனக்கு பயங்கர சந்தோஷம். நம்ம ஆளுய்யா! இன்னும் இருநூறு வருஷம் கழிச்சு என் ரவுட்டர் மெஷினும் ஏதாவது மியூசியத்துல இருக்கும் என்று தங்கமணியிடம் சொன்னேன். பதில் இங்கே போடுகிற மாதிரி இல்லை.

*

ரெண்டாவது கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கொசுவர்த்தி. இது இல்லாமல் அது ஏன் எனக்கு முக்கியம் என்று புரியாது.

எங்க அப்பத்தா வீட்டுத் திண்ணையில் ஒரு விசுப்பலகை உண்டு. ஒரே தேக்குப் பலகை, நாலு கால். அப்பத்தா மத்தியானம் தலைசாய்க்கிறது, ராத்திரி எங்களை வரிசையாக உட்கார வெச்சு உருண்டை பிடிச்சுக் கொடுக்கிறது எல்லாம் அதில்தான். அப்பத்தா போனதுக்கு அப்புறம் வீட்டை வித்தாங்க. பாத்திரம் பண்டமெல்லாம் ஆளுக்கொன்னாப் போச்சு. நான் கேட்டு வாங்கினது அந்தப் பலகையை மட்டும்தான். சென்னைக்கு லாரி ஏறி வந்து, ஃப்ளாட்டில் ஒரு கோடை தாண்டினதும் ஒரு ஓரத்திலிருந்து விரிசல் விட ஆரம்பித்தது. முதல்ல ரேகை மாதிரி. அப்புறம் பத்து பைசா நுழையுற அளவுக்கு.

விரிசலை நேர் காடியாக வெட்டி, உள்ளே ஒரு மரப்பட்டையைச் செருகி ஒட்டிடலாம் என்று திட்டம். அதுக்குத்தானே ரவுட்டர் மெஷின் இருக்கு! சோதனைக் கட்டையில் ஓட்டிப் பார்க்கக்கூட பொறுமை இல்லை. சுவிட்சைப் போட்டேன். பிட் மரத்தில் பட்ட வேகத்துக்கு மெஷின் கையை விட்டு ஒரு இழுப்பு இழுத்தது. ரெண்டு செகண்ட்தான். விரிசலுக்குப் பக்கத்தில், பலகை நடுவில், ஒரு ஜாண் நீளத்துக்குப் பாம்பு ஊர்ந்த மாதிரி ஒரு பள்ளம்.

தப்பு மெஷின் மேல இல்லை. எனக்கு அதைப் பிடிக்கத் தெரியலை, அவ்வளவுதான். பலகையின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிட்டு பால்கனி கதவைச் சாத்திட்டேன். அப்பா போனில் "பலகை நல்லா இருக்கா?" என்று கேட்டப்போ "ம், இருக்குப்பா" என்றேன். நாலு மாசம் அந்தப் போர்வையை எடுக்கலை.

மரத்தில் விரிசல் விட்டால் மத்தவங்க என்னதான் செய்யுறாங்க என்று தேடினப்பதான் ஒரு பேர் திரும்பத் திரும்ப வந்தது. ஜார்ஜ் நகாஷிமா.

*

நகாஷிமா 1905-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரத்தில் பிறந்தவர். அப்பா அம்மா ஜப்பானிலிருந்து போனவர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிச்சு, எம்.ஐ.டி.யில் முதுகலையும் முடிச்சவர். அப்புறம் ஊர் சுத்தக் கிளம்பினார். பாரிஸ், வட ஆப்பிரிக்கா எல்லாம் போய் ஜப்பானில் இறங்கி, டோக்கியோவில் ஆன்டனின் ரேமண்ட் என்கிற செக் நாட்டுக் கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

ரேமண்டுக்குப் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து ஒரு வேலை வந்தது. சாதகர்கள் தங்க ஒரு விடுதி கட்டணும். பணம் கொடுத்தவர் ஹைதராபாத் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி. அதனால் அந்த ஊர் வைரச் சுரங்கத்தின் நினைவாக 'கோல்கொண்ட்' என்று பேர் வைத்தார்கள். கட்டுமானத்தை மேற்பார்வை பார்க்க 1937-ல் பாண்டிச்சேரி வந்து இறங்கினவர் நம்ம நகாஷிமா. வந்தவர் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். அரவிந்தர் வெச்ச பேர் சுந்தரானந்தா.

பாண்டிக்குப் போகிறவர்கள் பீச்சுக்கும் மத்த 'விசேஷ' கடைகளுக்கும் நடுவில் இந்தக் கட்டடத்தைத் தெருவில் நின்றாவது பாருங்கள். முகப்பு முழுக்கக் கிடைமட்டமாக சிமெண்ட் பட்டிகள், ஜன்னல் பலகை மாதிரி திறந்து மூடலாம். உள்ளே அறைக் கதவுகள் தேக்குப் பட்டிகளால் ஆனவை. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று தள்ளித் தள்ளி வைத்திருப்பதால் காற்று வரும், ஆள் தெரியாது. ஏ.சி. இல்லாத காலத்தில் நம்ம ஊர் வெயிலைப் படிச்சுப் போட்ட கணக்கு.

கட்டினவர்களில் பெரும்பாலும் ஆசிரமத்துச் சாதகர்கள்தான். கைதேர்ந்த ஆட்கள் ரொம்பக் கம்மி. நடுவில் உலகப்போர் வேற வந்து, வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைக்கிற கதையே இல்லாமல் போச்சு. கதவுக் கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாத்துக்கும் என்ன செய்வது? பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். இதுக்காக ஆசிரமத்தில் ஆரம்பிச்ச பட்டறைக்கு 'ஆர்ப்பகோன்' என்று பேர். அது யார் தெரியுமா? பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர் 1668-ல் எழுதின நாடகத்தில் வருகிற மகா கஞ்சன்! ஒரு பட்டறைக்குக் கஞ்சன் பேரை வைக்கிற குசும்பு எனக்கு ரொம்பப் பிடிச்சது.

நகாஷிமா தன் முதல் மரச்சாமான்களைச் செய்ததும் இந்தக் கட்டடத்துக்காகத்தான். ஆனால் அப்போது அவர் தச்சர் இல்லை, கட்டடக் கலைஞர். வரையத் தெரியும், செய்விக்கத் தெரியும். உளியைத் தன் கையில் பிடித்து வேலை கற்றுக்கொண்டது வேறொரு இடத்தில். அது அவராகப் போன இடம் இல்லை.

*

1939-ல் பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பி, ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார். கல்யாணம் ஆச்சு. சியாட்டில் நகரத்தில் ஒரு சின்னப் பட்டறை போட்டார். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். 1942 பிப்ரவரி 19-ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்க மேற்குக் கடற்கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர்கள் சுமார் 1,20,000 பேரை வீட்டை விட்டுக் கிளப்பி முகாமில் அடைத்தார்கள். அதில் மூணில் ரெண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கையில் தூக்க முடிஞ்சதை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாம் என்பதுதான் விதி.

கையில் தூக்க முடிஞ்சதை மட்டும். ஒரு தச்சன் அதில் எதை எடுப்பான்? குழந்தையை ஒரு கையில் பிடிக்கணும், துணிமூட்டை ஒரு கையில். உளியும் ரம்பமும் கொண்டுபோனாலும் ஆயுதம் என்று சந்தேகப்படுகிற நேரம் அது. நகாஷிமா கையில் பிறந்து சில வாரமே ஆன பெண் குழந்தை மீரா. (ஆமா, நம்ம ஊர்ப் பேரேதான்.)

அவர்கள் போய்ச் சேர்ந்தது ஐடஹோ மாநிலத்தில் மினிடோகா முகாம். 1942 ஆகஸ்டில் திறந்தது. 9,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். 120 அடி நீளம், 20 அடி அகலத்தில் தார்க் காகிதம் அடிச்ச மரக் கொட்டகைகள். ஒவ்வொன்றையும் தடுத்து ஆறு குடும்பத்துக்கு. அறைக்குள் ராணுவக் கட்டில், ஒரு கணப்பு அடுப்பு, ஒரே ஒரு பல்பு. நாற்காலி கிடையாது, மேஜை கிடையாது, துணி வைக்க ஒரு அலமாரி கிடையாது.

இன்னொரு கொடுமை. கொட்டகைகளை அவசர அவசரமாகப் பச்சை மரத்தில் அடிச்சிருந்தார்கள். பச்சை மரத்தில் தண்ணி நிறைய இருக்கும். சில மரங்களில் காய்ந்த கட்டையோட எடைக்குச் சமமாகக்கூட இருக்கும். அது காயக் காயப் பலகை அகலவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது. பாலைவனக் காற்றில் மரம் காய்ஞ்சு, பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, புழுதி வீட்டுக்குள் கொட்டினது. எங்க அப்பத்தா பலகை சென்னை ஃப்ளாட்டில் வெடிச்சதும் இதே விதிப்படிதான். திண்ணைக் காற்றுக்குப் பழகின மரம், நாலு சுவருக்குள் ஏ.சி.யில் இன்னும் கொஞ்சம் காய்ஞ்சது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? கொட்டகை கட்டி மிஞ்சின துண்டுப் பலகைகளைப் பொறுக்கினார்கள். சிந்திக் கிடந்த ஆணிகளைத் தேடி எடுத்தார்கள். காய்கறி வந்த பெட்டியைப் பிரித்தார்கள். முறையான கருவி இல்லாதபோது, கிடைச்ச இரும்புத் துண்டைத் தட்டித் தேய்ச்சு கத்தியாகவும் உளியாகவும் ஆக்கிக்கொண்டார்கள். நாற்காலி, மேஜை, அலமாரி, குழந்தைகளுக்குப் பொம்மை எல்லாம் இப்படி வந்தது. இந்த முகாம்களில் செய்த பொருட்களை இன்னிக்கு அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். சீட்டன் பெட்டிக்கு நேர் எதிர். அங்கே மியூசியத்துக்கு வந்தது கருவி. இங்கே வந்தது வேலை.

*

அந்த முகாமில் நகாஷிமா சந்தித்தவர் கென்டாரோ ஹிகோகாவா. ஜப்பானில் முறையாகத் தொழில் கற்ற தச்சர். எம்.ஐ.டி. படிச்ச கட்டடக் கலைஞர் அவருக்குக் கையாளாகச் சேர்ந்தார். கொட்டகை அறைகளை மனுஷர் வசிக்கிற மாதிரி எப்படி மாத்தலாம் என்று மாதிரி அறை ஒன்றைச் செய்கிற வேலை. மரம்? மிச்சத் துண்டுகளும், அந்தப் பாலைவனத்தில் தானாக முளைக்கிற பிட்டர்பிரஷ் என்கிற புதர்ச் செடியின் முறுக்கின தண்டுகளும்தான்.

ஜப்பானியத் தச்சுக் கருவிகள், அதைத் தீட்டுகிற விதம், ஆணி இல்லாமல் மூட்டு போடுகிற பழைய முறைகள் எல்லாம் ஹிகோகாவாவிடம் அவர் கற்றது. ஜப்பானிய முறையில் ஒரு விஷயம் கவனிக்கணும். அவங்க இழைப்புளி என்பது ஒரு மரக்கட்டை, அதில் செருகின ஒரு இரும்புத் தகடு, அவ்வளவுதான். இரும்பு கொல்லனுடையது. கட்டையை வேலைக்குத் தகுந்த மாதிரி செதுக்கித் திருத்திக்கொள்வது தச்சன் பொறுப்பு. நம்ம ஊர் ஆசாரிகளும் அப்படித்தானே? கொட்டாப்புளியைக் கடையில் வாங்கின ஆசாரியை நான் பார்த்ததில்லை. கருவியைச் செய்யவும் திருத்தவும் தெரிவதே தொழிலில் பாதி. கடையில் எல்லாம் தயாராகக் கிடைக்க ஆரம்பிச்சதும் நாம் தொலைச்சது அந்தப் பாதி.

1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட, நகாஷிமா குடும்பம் வெளியே வந்தது. பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊர். முதலில் ரேமண்டின் பண்ணையில் கோழி பார்த்துக்கொள்கிற வேலை! அப்புறம் சின்னதாக ஒரு பட்டறை. பிறகு கொஞ்சம் நிலம், கூடாரத்தில் குடித்தனம், தானே கட்டின வீடு.

நல்ல மரம் வாங்கக் காசில்லை. மரக்கடைக்காரர்கள் கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கினார். கணு உள்ளது, ஓரம் வளைஞ்சது, விரிசல் விட்டது. மத்தவங்க விரிசலை வெட்டி எறிவார்கள். அவர் விரிசலை விட்டுவிட்டு அதன் குறுக்கே ஒரு மரத்துண்டைப் பதித்தார். பட்டாம்பூச்சி மாதிரி, நம்ம பாஷையில் சொன்னால் உடுக்கை மாதிரி. ரெண்டு ஓரம் அகலம், நடுவில் இடுப்பு. விரிசல் விரிய நினைத்தால் அகலமான ஓரங்கள் ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். துண்டின் மரரேகை விரிசலுக்குக் குறுக்காக ஓடணும், அதுதான் ரகசியம். இது அவர் கண்டுபிடிச்சது இல்லை, ரொம்பப் பழைய உத்தி. ஆனால் மறைக்க வேண்டிய ஒட்டு என்று இருந்ததை எடுத்து மேஜை நடுவில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தவர் அவர். இல்லாமையில் ஆரம்பிச்சது, கடைசியில் அவர் கையெழுத்தாகவே ஆகிவிட்டது.

1964-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காக மறுபடி இந்தியா வந்து மரச்சாமான்கள் வடிவமைத்தார். 1990-ல் காலமானார். பட்டறையை அப்புறம் நடத்தியவர் முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போன அதே மீரா.

*

இந்த இடத்தில் "பாத்தீங்களா மக்களே, கருவியே இல்லாமல் சாதிச்சாங்க, நாமும் ஒன்னும் வாங்கக்கூடாது" என்று ஒரு பாடம் எடுத்து முடிச்சிடலாம். முதல் தடவை எழுதினப்போ அப்படித்தான் முடிச்சிருந்தேன். மறுபடி படிச்சப்போ எனக்கே கூச்சமாக இருந்தது.

மினிடோகாவில் இருந்தவர்கள் சிக்கனமாக இருக்க ஆசைப்பட்டு வெறுங்கையோடு போகவில்லை. அவர்களிடம் இருந்ததைப் பிடுங்கினார்கள். பட்டறையும் கடையும் தோட்டமும் வெச்சிருந்தவர்களைப் புழுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அதை 'வறுமையில் பூத்த கலை' என்று நாம் இங்கே ஃபேன் காத்துல உட்கார்ந்து புகழ்வது ஒரு வகையில் அநியாயம். அமெரிக்க அரசாங்கமே 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. நாற்பத்தாறு வருஷம் கழிச்சு.

இன்னொன்னும் சொல்லணும். நகாஷிமா வெளியே வந்து காலூன்றினதும் மெஷின் வாங்கினார். கையால்தான் எல்லாம் என்று அடம் பிடிச்சவர் இல்லை. அறுக்க, தட்டையாக்க மெஷின், மூட்டுக்கும் முடிப்புக்கும் கை. ஆக, கருவி வாங்குறது தப்பில்லை. வரிசைதான் முக்கியம். அவருக்கு முதலில் வேலை வந்தது, அந்த வேலை கருவியைக் கேட்டது. எனக்கு முதலில் கருவி வந்தது, அது வேலையைத் தேடிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தது. இன்னும் உள்ளபடி சொன்னால், ஒவ்வொரு பார்சலும் வந்த அன்னிக்கு ஏதோ வேலை செய்துமுடித்த திருப்தி எனக்கு வந்துவிடும். அந்தத் திருப்திதான் வேலையையே செய்ய விடலை.

*

போன மாசம் வாசக்கால் சரிபண்ண ஒரு ஆசாரி அண்ணன் வந்தார். ஒரு கோணிப் பை. அதில் ஒரு இழைப்புளி, மூணு உளி, கைவாள், சுத்தியல், கொட்டாப்புளி, மூலைமட்டம். வேலை முடிஞ்சு டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கிப் போர்வையை எடுத்துக் காட்டினேன்.

"என்ன தம்பி, எலி கடிச்ச மாதிரி இருக்கு?"

"மெஷின் வெச்சு... நான்தாண்ணே."

சிரிக்கலை அவர். பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் என் உளியை எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார். "இது வழுக்குது. மொதல்ல இதைத் தீட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அன்னிக்கு அவர் அரை மணியில் சொல்லிக் கொடுத்தது, நாப்பத்தோராயிரத்தில் நான் வாங்காதது. கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை நனைச்சு ஒட்டினால் அதுவே சாணைக்கல். பழைய சைக்கிள் டியூபைக் கீறி இழுத்துச் சுத்தினால் கிளாம்ப். கயிறைச் சுத்தி நடுவில் குச்சி விட்டு முறுக்கினால் இன்னும் பெரிய கிளாம்ப். சட்டம் நாலு மூலையும் சரியா இருக்கா என்று பார்க்கப் பெரிய மட்டம் வேண்டாம், எதிரெதிர் பக்கங்கள் சமமாக இருந்து குறுக்காக ரெண்டு பக்கமும் நூல் பிடிச்சால் நீளம் சமமாக வரணும். மூலைமட்டமே சரியா என்று சந்தேகமா? ஒரு கோடு போட்டு, மட்டத்தைத் திருப்பி வெச்சு அதே இடத்தில் இன்னொரு கோடு. ரெண்டும் ஒன்னா விழுந்தால் சரி. (இந்த வேலைக்கு நான் லேசர் வெச்சிருந்தேன், ஹி ஹி.)

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உளி மட்டும் தீட்டினேன். அடுத்த ஞாயிறு வேண்டாத கட்டைகளில் உடுக்கை வெட்டிப் பழகினேன். முதல் மூணு ஆடினது, நாலாவது இறுகலா உட்கார்ந்தது. அதுக்கடுத்த ஞாயிறு பலகையில் கை வெச்சேன். விரிசலுக்குக் குறுக்கே ரெண்டு உடுக்கை, பழைய கதவுச் சட்டத்துத் தேக்கில். ரம்பம், ரெண்டு உளி, கொட்டாப்புளி, பென்சில், கொஞ்சம் பசை, அவ்வளவுதான். கொட்டாப்புளியும் நானே செஞ்சது. பார்க்க லட்டு உருண்டை மாதிரி இருக்கும், ஆனால் அடிக்குது.

அந்தப் பாம்புப் பள்ளத்தை என்ன செய்யலாம் என்று ரொம்ப யோசிச்சேன். மரத்தூளையும் பசையையும் குழைச்சு அடைச்சிடலாம், தெரியாது. கடைசியில் ஓரங்களை மட்டும் இழைச்சு மழுக்கிவிட்டு அப்படியே விட்டுட்டேன். அது என் கணக்கில் இருக்கட்டும்.

போன வாரம் அப்பா வந்திருந்தார். பலகையில் உட்கார்ந்து காபி குடிச்சார். கை தானாகப் பலகையைத் தடவிக்கொண்டே போய் அந்தப் பள்ளத்தில் நின்றது. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். போனில் பொய் சொன்னது உள்பட. கொஞ்ச நேரம் ஒன்னும் பேசலை. அப்புறம் உடுக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது ஆடலையேடா" என்றார்.

எக்செல்லில் 'முடிந்த பொருட்கள்' பக்கத்தில் இப்போது ரெண்டு என்று இருக்கிறது.

டிஸ்கி: ரவுட்டர் மெஷினை ஆசாரி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு அதற்கான வேலை இருக்கிறது. அந்த ஜெர்மன் சாமான் எதுக்கென்று மட்டும் அவருக்கும் தெரியலையாம்.